நிறுத்திவைத்த நூறு யூரோ

கொசிமோ வீட்டுக் காரில் பெட்ரோலை நிற்கவே விடமாட்டான். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். வேட்டை நாய்க்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் காசைத் தண்ணீராக இறைக்கிறவன்தான். பெண்டாட்டி வண்டியை எடுத்தால் மாதா கோவிலுக்குப் போய் வரலாம், சந்தைக்குப் போய் வரலாம். அதற்கு மேல் நகர்ந்தால் வண்டி நடுரோட்டில் படுத்துவிட வேண்டும். அப்படி அளந்து வைத்திருந்தான், படுபாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்கு முன்பே கூட்டாளிகள் ஜீப்பில் வந்து ஹாரன் அடித்தார்கள். ஜனவரி மாதம், காட்டுப்பன்றி வேட்டைக்கு அதுதான் கடைசி ஞாயிறு. அதோடு சரி, இனி அக்டோபர் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் கிடப்பான். வேட்டை நாளில் சாயங்காலம் ஆறரைக்கு முன்னால் திரும்பமாட்டான். பன்றியை அறுத்து, பங்கு போட்டு, குடித்து, பாட்டுப் பாடி, அப்புறம்தான் வீட்டு நினைப்பே வரும்.

வீட்டை விட்டுப் போவோமா வேண்டாமா என்று இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி மரிலேனா. அவன் அவளை அடிப்பது இருபது வருஷமாக நடக்கிற கூத்து. தெருவுக்கே தெரியும், தெருவே தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் வியாழக்கிழமை முதல் தடவையாக மகளை அடித்தான். நோயெமிக்குப் போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. நர்சு படிப்புக்குத் தனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டாள் என்று காதோடு சேர்த்து அறைந்தான். மூன்று நாளாக அந்தப் பெண்ணுக்கு இடது காதில் வண்டு குடைகிற மாதிரி ஒரே இரைச்சல். அன்றைக்கு இரவே மரிலேனா முடிவு செய்துவிட்டாள்.

ஆரஞ்சுக் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிற வேலை அவளுக்கு. சம்பளம் நேராகக் கொசிமோவின் கணக்குக்குப் போய்விடும். ஆனால் கூடுதல் நேரத்துக்கு மேஸ்திரி கையில் கொடுப்பதை மட்டும், கூட வேலை பார்த்த ரொமீனா என்பவள் கார்டுக்குப் பணம் ஏற்றுகிற புகையிலைக் கடையில் கட்டி, ஒரு கார்டில் ஏற்றிக் கொடுத்தாள். கணக்கும் கிடையாது, பாஸ்புக்கும் கிடையாது. போட்டது இருக்கும், எடுத்தால் குறையும், அவ்வளவுதான் அந்தக் கார்டு. மரிலேனா அதைத் தையல் பெட்டியின் அடிப்பலகைக்குக் கீழே வைத்திருந்தாள். நூற்று அறுபத்தெட்டு யூரோ. ரொமீனா இப்போது தூரினோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். "ரெண்டு பேரும் கிளம்பி வாங்கடி, என் ரூம்ல படுத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். கொசிமோவுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

சிபாரி சந்திப்பிலிருந்து மூன்றரைக்குத் தூரினோ பஸ். ஆளுக்கு ஐம்பத்தெட்டு யூரோ. டிக்கெட்டை முன்கூட்டி வாங்கவும் வழியில்லை. போனில் வாங்கலாம்தான். ஆனால் தாய், மகள் இருவர் போனையும் கொசிமோ ராத்திரி ராத்திரி நோண்டுவான். அதனால் இரண்டு போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பையோடு மத்தியானம் இரண்டு மணிக்குக் காரைக் கிளப்பினார்கள். வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் அவன் முதலில் மலைமேல் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்குத்தான் ஓடுவான். அங்கே கத்திக் கூப்பாடு போட்டு முடிப்பதற்குள் பஸ் சலேர்னோவைத் தாண்டிவிடும். சலேர்னோவைத்தான் தாண்ட வேண்டும். கொசிமோவின் அண்ணன் ஜெரார்தோவுக்கு அங்கே டயர் கடை, பஸ் நிற்கும் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. ஏழு மணிக்கு அங்கே போய்ச் சேர்கிற பஸ் ஏழரை வரைக்கும் நிற்கும்.

ஊருக்குக் கீழே வளைவு முடிகிற இடத்தில் பெட்ரோல் பங்க். முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே இறங்கி, எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்திப்புக்கு இன்னும் முப்பத்தொரு கிலோமீட்டர்.

"இருக்கறது போதும்மா. நேராப் போயிரலாம்" என்றாள் நோயெமி.

"நடுவழில நின்னுச்சுன்னா? யார் வண்டியில ஏறுவ? வரவன் பூரா உங்கப்பனுக்குத் தெரிஞ்சவன்."

மற்ற நாளாக இருந்தால் பெட்ரோல் போடுகிற ரோக்கோ இருப்பான். அந்த ஊர்ப் பெண்கள் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். கண்ணாடியை இறக்கி "பத்துக்குப் போடு ரோக்கோ" என்றால் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, ஊர்க்கதை இரண்டு சொல்லி அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை ரோக்கோவின் குடிலுக்குக் குறுக்கே சங்கிலி. நடுவில் தூண் மாதிரி நிற்கும் மெஷின் மட்டும் விழித்திருந்தது. மரிலேனா இந்த நாற்பத்தொரு வயது வரைக்கும் அதைத் தொட்டதில்லை.

"கார்டப் போடணும், நம்பர அடிக்கணும், எந்தக் குழாய்னு அழுத்தணும். அவ்வளவுதான்" என்று நோயெமி திரையைப் படித்துச் சொன்னாள். பிறகு குனிந்து, வெயிலில் வெளுத்துப்போன ஒரு ஸ்டிக்கரைப் பார்த்தாள். "இங்க என்னமோ நூறுன்னு போட்டிருக்கும்மா. பாதி கிழிஞ்சிருக்கு."

"நூத்துக்கு மேல போட முடியாதுன்னு இருக்கும். நமக்கெதுக்கு அது? பதினஞ்சு போதும்."

இப்படித்தான் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள், பாவம். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குழாயைக் கையில் பிடித்து, எண்கள் ஓடுவதைப் பார்த்து, சரியாகப் பதினைந்தில் நிறுத்தினாள். துண்டுச்சீட்டு வந்தது: பதினைந்து யூரோ. ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, உங்கம்மாவுக்கும் வரும்" என்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக அந்தப் பெண் சிரித்தாள்.

சந்திப்பில் இருக்கும் காபிக்கடைதான் டிக்கெட் கவுண்டரும். ஒர்நெல்லா என்று அறுபது வயதுக்காரி ஒருத்தி காபியும் போடுவாள், சிகரெட்டும் விற்பாள், டிக்கெட்டும் அடிப்பாள், மூன்றுக்கும் சேர்த்துத் திட்டவும் செய்வாள். மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

"தூரினோவுக்கு ரெண்டு" என்றாள் மரிலேனா. கார்டை நீட்டினாள். நோயெமி முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தாள்.

ஒர்நெல்லா கார்டைத் தேய்த்தாள். மெஷின் ஒரு தினுசாகக் கத்தியது. மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் கத்தியது.

"பணம் பத்தலங்குதே."

"இருக்கே அக்கா. நல்லாப் பாருங்க. நூத்தி அம்பத்தி மூணு இருக்கு."

"நான் என்னத்தடி நல்லாப் பாக்கறது? அதுதான் பாக்குது." ஒர்நெல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஏறிட்டாள். "வர்ற வழியில பெட்ரோல் போட்டியா?"

"பதினஞ்சுக்குத்தான் போட்டேன். இதோ சீட்டு."

"ஆள் போட்டானா, மெஷினா?"

"மெஷின்."

"போச்சு போ." ஒர்நெல்லா பெருமூச்சு விட்டாள். "நீ எவ்வளவு போடப்போறன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதனால குழாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உன் கார்டுல நூறப் புடிச்சு நிறுத்தி வச்சிரும். அப்புறம் பதினஞ்ச எடுத்துக்கிட்டு மிச்சத்த விடும்."

"அப்ப விட்டிருக்குமே? போட்டு முக்கா மணி நேரம் ஆச்சே."

"முக்கா மணியா! மூணு நாளோ நாலு நாளோ, அவனுங்க இஷ்டம். ஞாயித்துக்கிழமை வேற. மாசத்துக்கு நாலு பேராவது இதே மாதிரி எங்கிட்ட வந்து நிக்கறானுங்க. போன வாரம் ஒரு லாரிக்காரன் இந்த மேசைய எட்டி உதைச்சான்."

பணம் எங்கேயும் போகவில்லை. யாரும் திருடவில்லை. அவளுடையதுதான், அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் தொட முடியாது. பெட்ரோலுக்கு முன்னால் டிக்கெட்டை வாங்கியிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. இல்லை, விளக்கு எரிந்தாலும் பரவாயில்லை என்று மகள் சொன்ன மாதிரி நேராக வந்திருந்தாலும் போதும். முப்பத்தொரு கிலோமீட்டர் அந்த வண்டி வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றியது. நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குக் கடை போனிலிருந்து கூப்பிட்டாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, கொஞ்சம் பாட்டுக் கேள். ஏழு நிமிஷம் கழித்து ஒரு இளைஞன் வந்தான், தேன் ஒழுகுகிற குரலில்.

"ஆமாம் மேடம். நூறு யூரோ நிறுத்திவைக்கப்பட்டிருக்கு. பெட்ரோல் கம்பெனி தகவல் அனுப்பினதும் தானா விடுபட்டுரும்."

"இப்ப விட முடியாதா? எனக்கு இப்பவே வேணும் தம்பி. அரை மணி நேரத்துல பஸ்."

"எங்க கையில இல்ல மேடம்."

"உங்க கார்டுதானே இது? என் பணந்தானே?"

"கண்டிப்பா உங்க பணந்தான் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு என்ன உதவியைக் கேட்பாள் அவள்? போனை வைத்துவிட்டு ரொமீனாவைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. முதியோர் இல்லத்தில் நாலு மணி வரைக்கும் போனைப் பூட்டி வைக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஐந்து தடவை கூப்பிட்டாள்.

"ஒண்ணு வேணா அடிக்கிறேன். ஒரு டிக்கெட்டுக்கு இருக்கும்" என்றாள் ஒர்நெல்லா. "ரெண்டாவத நான் கடனா அடிக்கலாம்னா, ராத்திரி முதலாளி கல்லாவ எண்ணுவான். என் சம்பளத்துல போயிரும். எனக்கும் வயிறு இருக்குடி."

அப்போதுதான் கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவனைப் பார்த்ததும் மரிலேனா கார்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினாள். வீத்தோ. அவர்கள் ஊர் முனிசிபாலிட்டியில் குமாஸ்தா, கொசிமோவின் சீட்டாட்டக் கூட்டாளி, ஊர் வம்பு அத்தனைக்கும் மொத்த வியாபாரி.

"அடடே, மரிலேனாவா! என்ன இந்தப் பக்கம்? புருஷன் பன்றி பின்னாடி, பெண்டாட்டி பஸ் பின்னாடியா?"

சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான். அவன் கையில் பர்ஸ் தடியாக இருந்தது. ஐம்பது யூரோ. அதற்குள் அந்தத் தாள் எத்தனையோ இருக்கும். கேட்டால் கொடுப்பான், அந்த மாதிரி விஷயத்தில் அவன் மோசமில்லை. அவள் வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

"கொசிமோவுக்குப் போன் போட்டுச் சொல்லட்டா? உன் பொண்டாட்டி ஓடிப்போறாடா, வந்து புடிடான்னு!" வீத்தோ போனை எடுத்துக் காதில் வைத்து, தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கினான். "ச்சே, காட்டுக்குள்ள டவர் எடுக்காது. பரவால்ல, அஞ்சு மணிக்குக் கறிப் பங்கு வாங்க மேல வேட்டைக் குடிசைக்குப் போறேன். நேர்லயே வத்தி வைக்கிறேன்."

அவளும் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"மாத்திரை வாங்க வந்தேன். நம்ம ஊர் மருந்துக்கடை ஞாயித்துக்கிழமை மூடி. இன்னிக்குத் தெறக்கற முறை இங்கதான். நோயெமிக்குக் காய்ச்சல்."

"பொண்ணு எங்க?"

"வீட்டுல. படுத்திருக்கா."

பின்பக்கக் கதவு லேசாகத் திறந்ததை அவள் பார்த்தாள். ஒர்நெல்லாவும் பார்த்தாள். அந்தக் கிழவி ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், இரண்டு எட்டில் போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "கழிப்பறை ரிப்பேரு" என்று வீத்தோவைப் பார்த்துக் கத்தினாள். அவன் காபியை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காய்ச்சலுக்கு இஞ்சி நல்லது என்று புத்தி சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

அவன் கார் கிளம்புகிற சத்தம் கேட்கும் வரை மரிலேனா அசையவில்லை. இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆறு மணிக்குள் கொசிமோவுக்கு அவள் சந்திப்பில் நின்றது தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து வீடு காலியாக இருந்தால், தங்கை வீட்டுக்கா ஓடுவான்? மூன்றரைக்குப் பஸ் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் போதும், பஸ்ஸுக்குள் ஏறிக் கூந்தலைப் பிடித்து இறக்குவதற்கு ஜெரார்தோ ஒருத்தனே போதும். வீட்டில் அவள் இருக்க வேண்டும். மகள் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும். ஏழரை வரைக்கும்.

"ஒண்ணு அடிங்க அக்கா" என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் நோயெமி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றாள்.

"நீ போம்மா. நான் இருக்கேன். உனக்குத்தான் இருவது வருஷம் ஆச்சு."

"அடி பைத்தியக்காரி, உன்ன விட்டுட்டு நான் அங்க போய் என்னத்தப் பண்ண?"

"அப்ப ரெண்டு பேரும் திரும்பிப் போயிரலாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம் அவன் வீட்டுல இருப்பான். அதுக்கடுத்த வாரமும் இருப்பான். உன் காது என்ன சொல்லுது? இரைச்சல் நின்னுருச்சா?"

அந்தப் பெண் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கேளு. நாலு மணிக்கு ரொமீனா போன எடுப்பா. ஒர்நெல்லா அக்கா அவகிட்டப் பேசறேன்னிருக்காங்க. அவ என் கார்டுல பணம் போடுவா. நாளைக்குக் காலைல ஒரு பஸ் இருக்கு, நான் அதுல வர்றேன். நீ சலேர்னோல கீழ எறங்காத. பசிச்சாலும் எறங்காத. திரைய இழுத்து விட்டுட்டுத் தலையக் கவுத்துப் படுத்துக்க."

"சத்தியமா வருவியா?"

"சத்தியமா."

அது பொய்ச் சத்தியமா என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. பஸ் வந்தது. பையை அவளே உள்ளே தூக்கிப் போட்டாள். நோயெமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றபோது, டிரைவர், "அம்மா, தூரினோ நிலாவுலயா இருக்கு? ஏறச் சொல்லுங்க" என்றான். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகு மரிலேனா காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து, வாய்விட்டு, ஊளையிடுகிற மாதிரி அழுதாள். பிறகு மருந்துக்கடைக்குப் போய், கார்டில் மிச்சமிருந்த பத்து யூரோவில் ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கினாள். அதற்கு மெஷின் கத்தவில்லை.

வீட்டில் எந்த அறைக்கும் சாவி கிடையாது. எல்லாவற்றையும் கொசிமோ எப்போதோ பிடுங்கி வைத்திருந்தான். மகளின் அறைக் கதவைச் சாத்தி, அவள் செருப்பை வெளியே விட்டு, மாத்திரையையும் தண்ணீரையும் ஒரு ஸ்டூலில் வைத்தாள். தன் பையிலிருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அடுப்பை மூட்டி, பயறு சூப்பை ஏற்றினாள்.

ஆறே முக்காலுக்கு ஜீப் வந்தது. இரத்தம் சொட்டுகிற பிளாஸ்டிக் பையோடு கொசிமோ உள்ளே வந்தான். கறியைத் தொட்டியில் போட்டான். கை கழுவவில்லை.

"சந்திப்புக்குப் போனியாமே."

"மாத்திரை வாங்க. நோயெமிக்குக் காய்ச்சல். இப்பத்தான் கண்ணசந்தா."

"வீத்தோ சொன்னான்." அவன் நாற்காலியை இழுத்தான், ஆனால் உட்காரவில்லை. குடித்திருந்தான், ஆனால் தள்ளாடுகிற குடி இல்லை, கண் கூர்மையாகிற குடி. "அங்க போய் வர்ற அளவுக்கு வண்டியில பெட்ரோல் இல்லியே."

"போட்டேன்."

"காசு?"

அவள் கரண்டியைத் துடைத்தாள். "வீட்டுச் செலவுல இருந்துச்சு."

"வீட்டுச் செலவுல நேத்து ராத்திரி நாலு யூரோ இருந்துச்சு. நான் பாத்தேன்." அவன் குரலை உயர்த்தினான். "நோயெமி! எழுந்து வாடி. உங்கம்மா என்ன கதை சொல்றான்னு நீ வந்து சொல்லு."

உள்ளே சத்தமில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஏழாக ஐந்து நிமிஷம். பஸ் இப்போது சலேர்னோவுக்குள் நுழைந்துகொண்டிருக்கும். கொசிமோ கூடத்தைத் தாண்டி நடந்தான். ஸ்டூலைக் காலால் ஒதுக்கினான். கதவுப் பிடியில் கை வைத்தான்.

"எங்கிட்ட ஒரு கார்டு இருக்கு" என்றாள் மரிலேனா.

அவன் திரும்பினான்.

"என்னது?"

"கார்டு. உனக்குத் தெரியாம ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். அதுல பணம் சேத்தேன்."

இருபது வருஷத்தில் அவன் இவ்வளவு கவனமாக அவள் பேச்சைக் கேட்டதில்லை. கதவை விட்டுவிட்டு மெல்ல நடந்து வந்தான். அவள் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவனுக்கும் கதவுக்கும் நடுவில் இப்போது அந்த மேசை இருந்தது.

"யார் குடுத்தா?"

"சொல்றேன். மொதல்லருந்து சொல்றேன்."

முதல் அறை அப்போதே விழுந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கிட்டங்கியில் கூடுதல் வேலை எத்தனை மணி நேரம், பெட்டிக்கு எவ்வளவு, எந்த மேஸ்திரி, எந்தக் கிழமை. அவசரப்படவில்லை. அவன் "சீக்கிரம் சொல்லுடி" என்று கத்தினால், நடுவில் விட்டுப்போனதை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். எந்தப் புகையிலைக் கடை என்று கேட்டான். மூன்று கடைகளைச் சொல்லிக் குழப்பி, பிறகு ஒன்றைச் சொன்னாள். அடி வாங்கிய இடைவெளியில் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பத்து.

பெட்ரோல் பங்குக்கு வந்தபோது அவளுக்கே ஆச்சரியம், சொல்ல அவ்வளவு இருந்தது. ரோக்கோவின் சங்கிலி, வெளுத்துப்போன ஸ்டிக்கர், மெஷின் நூறைப் பிடித்து நிறுத்தி வைத்தது, போனில் பேசிய இளைஞன், ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து.

"நூறு யூரோவா? மெஷின் நூறு யூரோவ முழுங்கிருச்சா?" கொசிமோவுக்கு ஒரு கணம் பெண்டாட்டிமேல் இருந்த கோபம்கூட மறந்துபோயிற்று. "எவன் அவன்? எந்தக் கம்பெனி? நாளைக்குப் போய் அந்த ரோக்கோவ மிதிக்கிறேன் பாரு."

"முழுங்கல. மூணு நாலு நாளுல விட்டுருவாங்களாம். புடிச்சுத்தான் வச்சிருக்காங்க."

"அப்ப அது என் பணம். திரும்பி வந்ததும் எங்கிட்ட வரணும்."

"சரி."

ஏழு முப்பது ஆயிற்று. சொல்லிவிடலாமா? இத்தனை வலிக்கும் பிறகு நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் பஸ் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினால்? டிரைவர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றால்? ஒரு பத்து நிமிஷம் கூட்டியே வைப்போம் என்று நினைத்தாள்.

"இன்னும் ஒண்ணு சொல்லல" என்றாள். "மேஸ்திரி கிறிஸ்துமஸுக்கு இருவது யூரோ குடுத்தாரு."

அந்த இருபது யூரோவுக்கு அவள் கீழே விழுந்தாள். உதடு கிழிந்தது. தரையிலிருந்து எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டாள். எழுந்து, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டவனுக்கு, அந்த வருஷம் எத்தனை பெட்டி வடக்கே போனது என்பது முதற்கொண்டு சொன்னாள்.

ஏழு நாற்பத்தொன்று. அவள் பேச்சை நிறுத்தினாள்.

"அவ்வளவுதானா?" கொசிமோ மூச்சு வாங்கினான். "இவ்வளவு கூத்து நடக்குது, அந்தப் பொண்ணு எழுந்து வருதா பாரு. நோயெமி!"

"அவ அங்க இல்ல."

"என்ன?"

"கதவத் தொறந்து பாரு கொசிமோ. அவ அங்க இல்ல."